ஜூன் சார்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அடையாறு பக்கம், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் நான் கணித ஆசிரியையாக இருந்தேன். வீடு மயிலாப்பூரில். காலையில் சமையலை முடித்துவிட்டு, மாட வீதிக் கூட்டத்தில் புகுந்து பஸ்ஸைப் பிடித்தால் முதல் மணி அடிப்பதற்குள் வகுப்புக்குப் போய்விடலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று துறையில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்ற நானும் என்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தேன்.

தி.நகரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்புப் பலகைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கணிதம் படித்தவர்களுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. கல்லூரி முடிந்ததும் சாயங்கால வகுப்புக்குப் போவார்கள். கொஞ்ச நாளில் முகத்தில் ஒரு களை வரும். அதற்கடுத்த மாதம் துறைத் தலைவரின் மேஜையில் ராஜினாமா இருக்கும். பெங்களூர், ஹைதராபாத், அமெரிக்கா என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கள் துறையில் வழியனுப்பு விழா, மாதம் தவறாமல் வரும் அமாவாசை மாதிரி ஆகிவிட்டது. கேசரி, போண்டா, காப்பி. போகிறவருக்குச் சந்தன மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். யாராவது ஒருவர் பேசுவார். போகிறவர் ஏற்புரை சொல்லிவிட்டு எல்லாருக்கும் இனிப்பு கொடுப்பார். அப்புறம் கட்டடத்தின் முகப்பில் நின்று ஒரு போட்டோ. ஆள் குறையக் குறைய எங்களுக்குப் பலகாரம் மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது.

அந்த விழாக்களில் பேசுகிற வேலை எப்போதும் ஒருவருக்குத்தான். அவரும் எங்கள் துறை ஆசிரியர். என் வயதுதான் இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருமே அப்போது தற்காலிகம்.

தற்காலிகம் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஜூனில் வேலைக்கு எடுப்பார்கள். ஏப்ரல் கடைசி நாளோடு பணி முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். மறுபடி ஜூனில் புது ஆளை எடுப்பதுபோல எடுப்பார்கள். இடையில் ஒரு மாதம் விட்டுப்போவதால், இத்தனை வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரம் ஆக்குங்கள் என்று யாரும் கேட்க முடியாது. ஏப்ரல் கடைசியில் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேஜைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் வருஷா வருஷம் தன் எவர்சில்வர் டம்ளரையும், சாக்பீஸ் டப்பாவையும், துடைக்கிற துணியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "ஜூன்ல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஜூனில் அதே பையோடு வந்து அதே மேஜையில் உட்காருவார். அதனால் நாங்கள் அவருக்கு 'ஜூன் சார்' என்று பெயர் வைத்திருந்தோம். பெயர் வைத்தவள் யார் என்று கேட்காதீர்கள். வாய் நீளம் என்றுதான் முன்னாலேயே சொல்லிவிட்டேனே. அவரும் சிரித்துக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டார். கடைநிலை ஊழியர் முதல் துறைத் தலைவர் வரை எல்லாருக்கும் அவர் ஜூன் சார்தான்.

சேர்ந்த சில வருஷங்களில் ஒரு நிரந்தர இடம் வந்தது. இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். எனக்குக் கிடைத்தது. ஏன் எனக்கு, ஏன் அவருக்கு இல்லை என்று இன்றுவரை தெரியாது. என்னைவிட அவர் நன்றாகப் பாடம் நடத்துவார் என்பது மட்டும் அப்போதே தெரியும். அன்று சாயங்காலம் துறையில் என்னைப் பாராட்டிப் பேசியவரும் அவர்தான். அடுத்த இடம் உங்களுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னோம். அவரும் நம்பினார். அதற்கப்புறம் பல பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஆனால் காலியான இடங்களை நிரப்ப அனுமதி வரவில்லை. போனவர்களுடைய வகுப்புகள் மட்டும் ஒழுங்காக ஜூன் சார் தலையில் வந்து விழுந்தன.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆசிரியர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டது. வேலையில் திருப்தி இருக்கிறதா, நூலகம் போதுமா, ஓய்வறையில் மின்விசிறி ஓடுகிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் வந்தால் போதும் என்று உத்தரவு. அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட ஏற்பாடு செய்தவர் ஜூன் சார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "உங்களைக் கேட்டிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். மே மாசத்துலயும் நான் வாத்தியார்தான்னு யாராவது சொன்னா போதும்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில், கடைசி வேலை நாளன்றே ஒரு வழியனுப்பு விழா. எங்கள் துறையில் ஒரு இளம் ஆசிரியர், நிரந்தர ஆசிரியர்தான், ஆனால் எங்களுக்கெல்லாம் பையன் மாதிரி, அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஜூன் சார் பேசினார். அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மஞ்சள் பை நாற்காலிக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு விழாவிலும் போகிறவரைப் பற்றி யாரும் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் வழக்கம். அந்தப் பையன் கரும்பலகையை அழிக்கும்போது மேலிருந்து கீழாகத்தான் அழிப்பான், முன் பெஞ்சில் இருப்பவர்கள் மேல் தூசி விழக்கூடாது என்று அப்படிச் செய்வான் என்று சொன்னார். அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில், "இங்கேருந்து போறவங்களுக்கெல்லாம் ஒரு சங்கடம் உண்டு. போற இடம் நல்ல இடமாத்தான் இருக்கும். ஆனா வகுப்பை நடுவுல விட்டுட்டு எழுந்து போற மாதிரி இருக்கும்" என்றார். தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நானும்..." என்று ஆரம்பித்தார்.

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் வாசலில் வந்து நின்றுகொண்டு, வெளிச்சம் போகுது சார் என்றார். எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தோம். ஜூன் சாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு, வழக்கப்படி யார் எங்கே உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்வரிசையில் ஓரமாக, மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து நடந்தோம். அவருக்கு மாம்பலம் பக்கம் போக வேண்டும், எனக்கு மயிலாப்பூர். துறையில் நேர அட்டவணை போடுவது என் பொறுப்பு. அந்த ஞாபகத்தில், "மூணாம் வருஷத்துக்கு அனாலிசிஸ் பேப்பர் உங்களுக்குத்தான் போடப்போறேன் சார். வேற யார் எடுத்தாலும் பசங்க என்னை விடமாட்டாங்க" என்று பேசிக்கொண்டே போனேன்.

"போடுங்க மேடம்" என்றார். என் பஸ் வந்தது. "பார்த்து ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூனில் கல்லூரி திறந்தது. அவர் வரவில்லை. முதல் இரண்டு நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் உத்தரவு தயாராகச் சில நாள் பிடிப்பது வழக்கம்தான். கடைநிலை ஊழியர் தினமும் அவர் மேஜையைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். "இன்னா மேடம், ஜூன் சாரு இன்னும் வர்ல? டேபிளு காலியாவே கீது" என்று என்னிடம் கேட்டார். வருவார், வராமல் எங்கே போகப்போகிறார் என்றேன். நான் போட்ட அட்டவணை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பில் அவர் பெயர் இருந்தது.

வாரக் கடைசியில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அவரோட ஆர்டர் ரெடியாயிடுச்சு. வீட்ல போன் இல்ல போல. உங்களுக்கு வீடு தெரியுமா? திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை மத்தியானம் தி.நகர் பஸ் நிலையத்தில் இறங்கி, சுரங்கப்பாதையைத் தாண்டி, மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். கையில் அவர் பெண்ணுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

நாலைந்து குடித்தனம் இருக்கிற வீடு. அதில் பின்கட்டில் ஒரு போர்ஷன். அவர் மனைவி கதவைத் திறந்தார். முன்பு ஒரு தடவை கல்லூரி விழாவில் பார்த்திருக்கிறேன்.

"வாங்க மேடம், உள்ள வாங்க. இவர் கடைக்குப் போயிருக்காரு. வர்ற நேரந்தான்" என்றார்.

உள்ளே போய்ச் சுற்றிலும் பார்த்தேன். சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. பாத்திரமெல்லாம் சாக்கில். படுக்கை சுருட்டிக் கிடந்தது. கல்யாணம் முடிந்த வீடு மாதிரி மூட்டை முடிச்சாக இருந்தது. எங்கேயாவது வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இவர் உங்ககிட்டகூட சொல்லலியா?" என்றார்.

பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச்சிலேயே முடிவாகிவிட்டது. மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தும் ஆயிற்று. குடும்பத்தை அழைத்துப்போக இப்போது வந்திருக்கிறார். நாளை ரயில்.

அந்த அம்மாள் காப்பி போட்டுக்கொண்டே பேசினார். கோபம் என் மேல் இல்லை என்று காட்ட அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. "மே மாசத்துலதான் மேடம் ஸ்கூல் அட்மிஷன் வரும். பொண்ணோட அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. அந்த மாசம் பார்த்து இவருக்கு வேலை இருக்காது. காலேஜ்ல வாத்தியார்னு நான் சொல்லுவேன். இவர் பொய் சொல்லாதேம்பாரு" என்றார்.

பிறகு காப்பியை டம்ளரில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். "அன்னிக்கு, அதான் கடைசி நாள், வெள்ளைச் சட்டையை இஸ்திரி பண்ணி வாங்கிட்டு வந்தாரு. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டுப் போனாரு. இன்னிக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடப்போறேன், எனக்கும் ரெண்டு வார்த்தை யாராவது பேசுவாங்க, நானும் பதில் பேசணும், வர நேரமாகும்னாரு. சாயங்காலமே வந்துட்டாரு. மைசூர்பாகு டப்பாவுல கட்டின நூல்கூட பிரிக்கல. என்னாச்சுன்னு கேட்டேன். போட்டோவுக்கு நேரமாயிடுச்சுன்னாரு."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நாற்காலிக்கு அடியில் இருந்த மஞ்சள் பை கண் முன்னால் வந்தது. அதில் வழக்கம்போல டம்ளரும் துணியும்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். யாருக்கோ விழா நடந்த அந்த அறையில், தன் விழாவுக்கும் இனிப்பு வாங்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புழுக்கத்தைச் சாக்காக வைத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் சார் வந்தார். கையில் மூட்டை கட்டக் கயிறு. என்னைப் பார்த்ததும் திருடியவர் மாதிரி நின்றார்.

"வாங்க மேடம். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். பஸ் வந்துடுச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேலா, அவர் மேலா, கல்லூரி மேலா என்று தெரியாத கோபம். "ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கலாமே சார். எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றேன்.

அவர் சிரித்தார். "எழுதிட்டுத்தான் போனேன். ஆபீஸ்ல கண்காணிப்பாளர் வாங்கிக்கவே இல்ல. ஏப்ரலோட நாங்களே உங்களை நிறுத்திடறோம், நீங்க எந்த வேலையை சார் ராஜினாமா பண்றீங்கன்னு கேட்டாரு. யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னதும் சரிதானே?" அவர் மட்டும்தான் சிரித்தார். அவர் மனைவி அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருந்தாலும் வந்த காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்டர் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்தது. கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"நிரந்தரமா மேடம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன மாதிரி என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதில்லை. "இல்ல சார். வழக்கம்போலத்தான். ஏப்ரல் வரைக்கும்."

"சரி" என்று தலையை ஆட்டினார். குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி அடுக்களை வாசலில் அசையாமல் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது ஜூன் சார் வாசல் வரை வந்தார். வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை. "மூணாம் வருஷம் அனாலிசிஸ் இப்ப யாருக்குப் போவும்?" என்று கேட்டார். எனக்குத்தான் போகும், வேறு யார் இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்றேன். ஜன்னல் ஓரம் கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு உட்காரும். அம்மா மீன் விக்கிறாங்க. வீட்ல அதுக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. ரொம்ப கூச்சம், சந்தேகம் கேக்கவே கேக்காது. ஆனா புரியலேன்னா சத்தமில்லாம பேனாவை மூடி வச்சுடும். மத்தவங்க எழுதிக்கிட்டே இருப்பாங்க, அது மட்டும் பேனாவை மூடிட்டு உங்க முகத்தையே பார்க்கும். அதைப் பார்த்தா நிறுத்திடுங்க. திரும்ப முதல்லேருந்து போங்க. அந்தப் பொண்ணுக்குப் புரியலேன்னா, எழுதிக்கிட்டிருக்கிற பாதிப் பேருக்கும் புரியலேன்னு அர்த்தம்."

ராஜினாமாவை வாங்காததைச் சொன்னபோது சிரித்த மனிதர், இதைச் சொல்லி முடித்ததும் அழுதார். அந்தச் சமயத்தில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அவர் பேசியிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை, இவ்வளவு நீளமான வாயை வைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடடா, சொல்லியிருந்தா ஒரு மாலையாவது போட்டிருப்போமே" என்று வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. கடிதம் எழுதி வரவழைத்து ஒரு விழா வைக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. இப்போது அவர் கல்லூரியில் எந்தப் பதிவிலும் இல்லையே, எந்தக் கணக்கில் வைப்பது என்று யாரோ கேட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. நான் அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்து, அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

முதல் வகுப்புக்குப் போனேன். "சார் வரலியா மேடம்?" என்று முன் பெஞ்சில் கேட்டார்கள். சார் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டாரா, விடவைத்தோமா என்று எனக்கே தெரியவில்லை. வரமாட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி வேகவேகமாக எழுத ஆரம்பித்தேன். பாதி பலகை நிரம்பியதும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரம் கடைசி பெஞ்சில் ஒரு பெண் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையை அழித்தேன், மேலிருந்து கீழாக. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 'ஜூன் சார்' என்ற பெயரை நான் மறுபடி யாருக்கும் வைக்கவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் தற்காலிக ஆசிரியர்கள் மேஜையைக் காலி செய்யும்போது, ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, அவர்கள் பாடம் நடத்துவதில் நான் பார்த்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லி வழியனுப்புவேன். "என்ன மேடம், ஜூன்ல வந்துடப்போறோம்" என்று சிரிப்பார்கள். பெரும்பாலும் வந்தும்விடுவார்கள். சிலர் வந்ததில்லை.

அவரை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. நன்றாகத்தான் இருப்பார். ஆனால் இன்றும் யாராவது எதிரில் உட்கார்ந்து பேனாவை மூடி வைத்தால், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிடுகிறேன். அந்த ஏப்ரல் சாயங்காலம் ஜூன் சாரும் பேனாவை மூடித்தான் வைத்திருந்தார், அறை நிறைய வாத்தியார்கள் இருந்தும் எங்களில் ஒருவருக்குக்கூட அதைப் பார்க்கத் தெரியவில்லை.